எண்பதாம் நம்பர் நூல்

அந்த வருஷம் சங்கையா வீட்டுக்குள் நுழைகிறவர்கள் தரையைப் பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும். பார்க்காமல் வைத்தால் ஒரு வேகத்தையோ முடுக்கத்தையோ மிதித்துவிட நேரும். சிமெண்டுத் தரை முழுக்கக் கணக்கு. மில்லில் நூல் சுற்றும் பாபினுக்குக் குறி போடும் நீல, மஞ்சள் சாக்பீஸ்களில் தேய்ந்துபோன துண்டுகளைச் சங்கையா சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவான். நடுவீட்டில் ஆரம்பிக்கிற கணக்கு அரிசி மூட்டையைச் சுற்றிக்கொண்டு போய் அடுப்படி வாசலில் விடையாகும். பால்காரம்மா உள்ளே வருவதையே விட்டுவிட்டாள். தெருவில் நின்றபடி சொம்பைக் கொண்டுவரச் சொல்வாள்.

"ராசபாளையத்துல எம்புட்டோ வீடு இருக்கு. தரையைக் கூட்டக்கூடாதுன்னு சட்டம் போட்ட வீடு என் வீடு ஒண்ணுதான்" என்று சங்கையாவின் அம்மா இருளம்மாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். சொல்லிவிட்டு, விளக்கமாற்றைக் கணக்குக்கு ஒரு சாண் தள்ளியே ஓட்டுவாள்.

படித்துக்கொண்டிருந்தது சங்கையாவின் மனைவி வெள்ளத்தாய். எட்டு வருஷத்துக்கு முன்னால், பிளஸ் டூ பரீட்சையின் நடுவில் அவளுக்குக் கல்யாணம் முடிந்தது. கான்சாபுரத்தில் அவள் அப்பா வயலில் அறுப்பு முடிந்து கையில் நாலு காசு புரண்ட நேரம், நல்ல முகூர்த்தம், பையன் சொந்த அத்தை மகன், மில்லில் நிரந்தர வேலை. இவ்வளவும் கூடி வரும்போது இயற்பியல் பரீட்சை யார் கண்ணுக்குத் தெரியும்? மருதாணிச் சிவப்பு மாறாத கையோடு போய் எழுதினாள். மற்ற பாடமெல்லாம் நல்ல மார்க். இயற்பியல் மட்டும் போய்விட்டது.

அதற்குப் பிறகு பேண்டேஜ் துணிக் கம்பெனி. வெளுத்து வருகிற வலைத்துணியை நீட்டி, மடித்து, உருட்டி, காகிதம் சுற்ற வேண்டும். எந்த ஊரில் யார் காலில் எந்தப் புண்ணுக்குப் போகிறதோ தெரியாது, காலையிலிருந்து சாயங்காலம் வரை உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கூடப் படித்த பங்கஜவல்லி டீச்சராகிவிட்டாள். ஒருநாள் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள், "அந்த ஒரு பேப்பரை மட்டும் எழுதிப் பாஸ் பண்ணிரு. மதுரைப் பக்கம் ட்ரெயினிங் ஸ்கூல்ல எனக்குத் தெரிஞ்ச மேடம் இருக்காக. ரெண்டு வருசம் ஹாஸ்டல்ல இருந்து படிச்சா நீயும் டீச்சர்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். வெள்ளத்தாய் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டாள்.

சங்கையாவிடம் சொன்னபோது அவன் யோசிக்கவே இல்லை. "எழுது. நான் சொல்லித்தாரேன்" என்றான். பிளஸ் டூவில் அவனுக்கு இயற்பியலில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். மேலே படிக்க ஆசைப்பட்டவனை அவன் அப்பா "படிச்சது போதும்" என்று ஒரே சொல்லில் நிறுத்தி மில்லில் கொண்டுபோய் விட்டார். அந்தச் சொல்லை வேறு யாரிடமும், செத்தாலும் நாம் சொல்லக்கூடாது என்று அவன் அன்றைக்கே முடிவு செய்திருந்தான். அந்த முடிவு தன் தலையிலேயே வந்து விடியும் என்று அப்போது தெரியவில்லை.

பகல் ஷிப்டு வாரத்தில் நாலு மணிக்கெல்லாம் வந்துவிடுவான். தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். குளித்துவிட்டு உட்கார்ந்தால், கம்பெனியிலிருந்து அவள் வருகிற வரைக்கும் பழைய இயற்பியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பான். இரண்டு பேர் கை மாறி வந்த புத்தகம். கடைசியில் விடைகள் இருந்த பக்கங்களை முன்பு வைத்திருந்தவர்கள் கிழித்துவிட்டிருந்தார்கள். அவள் வந்து முகம் கழுவி, மாமியார் வறுத்து வைத்த மொச்சையை முறத்தோடு தூக்கிக்கொண்டு வந்து உட்காருவாள்.

"கல்லை மேல எறியிறோம். மேல போகப் போக வேகம் கூடுமா குறையுமா?"

"குறையும்."

"உச்சிக்குப் போனதும்?"

"சுழி."

"அம்புட்டுத்தான். அதை மொதல்ல எழுது. என்ன குடுத்துருக்கான், என்ன கேக்கான், எந்தச் சூத்திரம், பொறவுதான் கணக்கு. படி படியா எழுதணும். நீ மனசுக்குள்ளயே போட்டுட்டு விடையை மட்டும் எழுதுத பாரு, அதுக்கு எவனும் மார்க்குத் தர மாட்டான்."

அவள் மொச்சையைக் கடித்துக்கொண்டே தரையில் வரைந்திருந்த கல்லைப் பார்த்தாள்.

"உச்சியில செத்த நேரமாச்சும் நிக்குமா மச்சான்?"

"நிக்காது. தொட்ட ஒடனே கீழ வந்துரும்."

"பாவம்" என்றாள்.

சங்கையா சிரித்தான். அவனுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே அடுப்படியிலிருந்த இருளம்மாளுக்கு மறந்துபோயிருந்தது. கல்யாணமான புதிதில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்காக ஆஸ்பத்திரி, கோயில், மறுபடி ஆஸ்பத்திரி என்று அலைந்து ஓய்ந்த பிறகு அந்த வீட்டில் பேச்சு வற்றிவிட்டது. சோறு வைக்கட்டுமா, வை. ஷிப்டு மாறிருச்சா, மாறிருச்சு. சண்டை கிடையாது, குறை கிடையாது, ஒரு நாளைக்கு இந்த நாலு வார்த்தைதான். கணக்கு வந்த பிறகுதான் இரண்டு பேரும் ஒரே முறத்தில் கை போட்டார்கள்.

மதிய ஷிப்டு வாரத்தில் இரண்டு பேருக்கும் நேரம் ஒத்துப்போகாது. அவள் கம்பெனியில் இருக்கும்போது அவன் கிளம்பிவிடுவான். கிளம்பும் முன்னால் தரையில் நீலச் சாக்பீஸால் ஒரு கணக்கையும் அதன் முதல் படியையும் எழுதி வைத்துவிட்டுப் போவான். அவள் வந்து அதற்குக் கீழே மஞ்சளில் இரண்டாம் படியை எழுதுவாள். மறுநாள் காலையில் அவள் போன பிறகு அவன் மூன்றாம் படி. ஒரு கணக்கு முடிய மூன்று நாள் ஆகும். இந்த வேகத்தில் போனால் புத்தகம் முடியுமா என்று இருவருக்குமே கேட்கத் தோன்றவில்லை. ஒருநாள் அவள் எழுதிய படியின் ஓரத்தில், "குழம்பு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க" என்று இருந்தது. அவன் அதைச் சுற்றி விடைக்குப் போடுகிற மாதிரி கட்டம் போட்டு வைத்தான்.

தை பிறந்ததும் அவனுக்குள் ஏதோ ஒன்று அரிக்க ஆரம்பித்தது. பாடங்கள் முடிந்துகொண்டே வந்தன. முடிந்தால் பரீட்சை. பரீட்சை முடிந்தால் அவள் தேறிவிடுவாள், அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. தேறினால் மதுரை. இரண்டு வருஷம்.

"அந்த ஒளிவிலகலை இன்னொரு தடவை பாத்துருவோமா?" என்பான்.

"அதான் ரெண்டு தடவை பாத்தாச்சே."

"பாத்தா என்ன, குறைஞ்சா போயிரும்?"

இருளம்மாள் பனங்கிழங்கை உரித்துக்கொண்டே மகனை ஓரக்கண்ணால் பார்ப்பாள். ஒருநாள் மருமகள் குளிக்கப் போயிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏலே, அவ போறது உனக்குச் சம்மதந்தானா?"

"படிக்கணும்ங்கிறவளைப் போகாதன்னு சொல்லச் சொல்லுதியா?"

"நான் அதைக் கேக்கலை. உன் மனசுல என்ன இருக்குன்னு கேட்டேன்."

"என் மனசுல என்ன இருந்தா என்னம்மா. அப்பா மாதிரி நானும் ஒரு சொல்லைச் சொல்லிட்டு, காலம் பூரா அவ மூஞ்சியைப் பாக்க முடியுமா?"

"உங்கப்பன் சொன்னது வேற. நீ சொல்லாம முழுங்குறது வேற" என்று அவள் எழுந்து போய்விட்டாள். சங்கையாவுக்கு அது விளங்கவில்லை.

மின்னோட்டம் கடைசிப் பாடம். அவனுக்குப் பிடித்த பாடமும் அதுதான்.

"கம்பின்னு நினைக்காத புள்ள. நூலுன்னு நினை. எது சன்னம், எது தடிசுன்னு மொதல்ல பாத்துக்கோ. சன்னமானதுக்குத் தடை கூட. சின்னச் சந்துக்குள்ள கூட்டம் போற மாதிரி. அது தெரிஞ்சிட்டா விடை பெருசா வரணுமா சிறுசா வரணுமான்னு முன்னாடியே தெரிஞ்சிரும். பொறவு பெருக்குறதும் வகுக்குறதும் சும்மா கைவேலை."

புத்தகத்தில் இருந்த கணக்கை வாசித்தான். ஒரே உலோகம், ஒரே நீளம், இரண்டு கம்பிகள். ஒன்றின் விட்டம் 0.40 மில்லிமீட்டர், மற்றதன் விட்டம் 0.80. முதல் கம்பியின் மின்தடை 16 ஓம். இரண்டாவதன் மின்தடை என்ன?

"புள்ளியைத் தூக்கித் தூரப் போடு. நாப்பது, எண்பது. எது சன்னம்?"

"எண்பதுதான்." கேட்டு முடிக்குமுன் சொல்லிவிட்டாள்.

"அப்ப அதுக்குத் தடை கூட. ரெண்டு மடங்கு சன்னம், அதோட வர்க்கம் நாலு. பதினாறு நாலு அறுவத்தி நாலு ஓம்."

எழுதிக் கட்டம் போட்டான். அதே மாதிரி இன்னும் நாலு கணக்கை அவனே உண்டாக்கிக் கொடுத்தான். எல்லாவற்றையும் அவள் அதே வழியில் போட்டாள். எதிர் வீட்டு ராஜம்மா ஜன்னல் வழியாகப் பார்த்து, "சதுவுகோ அம்மா, சதுவுகோ", படி அம்மா படி என்று தெலுங்கில் உற்சாகப்படுத்திவிட்டுப் போனாள்.

பங்குனி வெயிலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பரீட்சை. பஸ் ஏற்றிவிடக்கூட அவனால் வர முடியவில்லை, பகல் ஷிப்டு. கேள்வித்தாளைப் பிரித்ததும் வெள்ளத்தாய் கண்ணில் பட்டது கம்பிக் கணக்குத்தான். விட்டங்கள் 0.30, 0.60. முதலாவதற்கு 12 ஓம். நம் ஊர்க் கணக்கு என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே என்ன கொடுத்திருக்கிறது, சூத்திரம், தகவு என்று படி படியாக எழுதி, 48 ஓம் என்று கட்டம் போட்டாள். மற்றக் கேள்விகளில் இரண்டொன்று கைவிட்டன. ஆனாலும் கம்பிக் கணக்கு காப்பாற்றிவிடும் என்ற தைரியத்தில் வெளியே வந்தாள்.

வேப்பமரத்தடியில் கோதைநாயகி நின்றிருந்தாள். மாடவீதிப் பெண், இவளைப் போல இரண்டாம் தடவை எழுத வந்தவள்.

"அந்த மின்தடைக் கணக்குக்கு என்னக்கா போட்டீங்க? எனக்கு மூணு ஓம் வந்தது."

"நாப்பத்தெட்டுல்லா?"

"எப்படிக்கா? விட்டம்னா குறுக்களவு. அறுபதுன்னா தடிக் கம்பி. தடிக் கம்பிக்குத் தடை கம்மிதானே?"

வெள்ளத்தாய்க்கு முதலில் அவள்மீது இரக்கம்தான் வந்தது. பாவம், தெரியவில்லை என்று நினைத்தாள். இரண்டு எட்டு வைத்த பிறகுதான் விஷயம் உறைத்தது. அறுபதாம் நம்பர் என்றால் சன்னம் என்பது நூலுக்கு. நூலில் நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும், மில்லிலும் கம்பெனியிலும் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கம்பிக்கு நம்பர் கொடுக்கவில்லையே, அளவைத்தானே கொடுத்திருக்கிறான். அளவு ஏறினால் கம்பி தடிக்கத்தானே செய்யும். பெருக்கியிருக்கக் கூடாது, வகுத்திருக்க வேண்டும்.

மாமியார் கேட்டிருந்த வெள்ளரிப்பிஞ்சை மறக்காமல் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் பக்கம் மலை கூடவே வந்தது. தான் தவறவிட்டதை நினைத்து அழுதுகொண்டு வந்தவளுக்குப் பாதி வழியில் வேறொரு நினைப்பு வந்தது. புத்தகம் முழுக்க ஒரு கணக்குக்கூடத் தப்பாகச் சொல்லித் தராத மனுஷன் இதை மட்டும் எப்படித் தப்பாகச் சொன்னார்? ஒளிவிலகலை மூன்றாம் தடவை நடத்தியதும், போன மாதம் முழுக்கப் புத்தகத்தை மூட மனசில்லாமல் இருந்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

சங்கையா பஞ்சுத் தலையோடு வீட்டுக்குள் வந்தபோது அவள் சேலைகூட மாற்றாமல் நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள். இருளம்மாள் வெள்ளரிப்பிஞ்சுக்கு மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்தாள்.

"எப்படிட்டி எழுதுன?" என்று கேட்டான் சங்கையா.

"கம்பியில அறுபதுன்னா தடிசாம். நூலுலதான் சன்னமாம்."

அவன் நின்றபடியே மனசுக்குள் கணக்கைப் போட்டுப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆமா. விட்டத்தையில்லா குடுத்துருக்கான். என் மண்டைக்குள்ள நூலு ஓடியிருக்கு."

"மச்சான், ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லுங்க. நான் போயிரக்கூடாதுன்னு வேணும்னே தப்பாச் சொல்லித் தந்தீகளா?"

இருளம்மாள் கை மிளகாய்ப்பொடியில் அப்படியே நின்றது.

"உம்மேல சத்தியமா இல்ல புள்ள. பத்து வருசமா எண்பதுன்னா சன்னம், எண்பதுன்னா சன்னம்னு அதுலயே ஊறிப்போயிட்டேன். நீயும் அதைத்தான சொன்ன? நான் அப்படிச் செய்வேனா?"

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லத் தெரியாத முகம் அது.

"நம்புதேன்" என்றாள். நம்பியவளுக்கு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆனால் முகம் முன்னைவிடச் சுருங்கிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"நம்பிட்டன்னா பொறவு எதுக்குட்டி அழுவுத?" என்றாள் இருளம்மாள்.

"தெரியலை அத்தை."

சங்கையா மறைத்தது ஒன்று உண்டு. கணக்கு தப்பு என்று அவள் சொன்னதும், அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இனி அவள் எங்கேயும் போக வேண்டாம் என்று ஒரு சந்தோஷம். அதை உணர்ந்த நிமிஷமே தன்மேல் அவனுக்கு அருவருப்பு வந்துவிட்டது. அப்பா ஒரு சொல்லில் செய்ததைத் தான் சொல்லாமலே செய்துவிட்டோமோ என்று நினைத்தான். அந்தச் சந்தோஷத்தை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சத்தியம் பண்ணியது தப்பைப் பற்றித்தானே என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

மறுநாள் வெள்ளத்தாய் வாளித் தண்ணீர் கொண்டுவந்து தரையை முழுக்கத் துடைத்துவிட்டாள். நீலமும் மஞ்சளும் கலந்து ஓடியது. "அப்பாடா, தரையைக் கண்ணுல பாத்தாச்சு" என்று இருளம்மாள் சொல்லவில்லை. சொல்வாள் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள்.

அதற்கப்புறம் பழைய நாலு வார்த்தை. சோறு வைக்கட்டுமா, வை. சித்திரை வெயிலில் ஓடு காய்ந்து வீடே அடுப்பாகக் கிடந்தது. அவன் மில்லில் அறுந்த நூலை ஒட்டிக்கொண்டு நிற்கும்போது, "அடுத்த படி என்ன மச்சான்?" என்று அவள் கேட்கிற குரல் அத்தனை இரைச்சலுக்குள்ளும் காதில் விழும். வீட்டுக்கு வந்தால் அந்தக் குரலுக்கு உரியவள் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். பேச மாட்டாள். தூரத்தில் இருக்கிறவளை நினைத்து ஏங்கலாம், அதற்கு ஒரு நியாயம் உண்டு. பக்கத்தில் இருக்கிறவளை நினைத்து ஏங்குவது என்ன பிழைப்பு என்று அவனுக்குக் கோபமாக வந்தது.

"அக்டோபர்ல திரும்ப எழுதலாம்" என்றான் ஒருநாள்.

"பாப்போம்" என்றாள்.

எழுத வேண்டியிருக்கவில்லை. ரிசல்ட் வந்த அன்று பஸ் ஸ்டாண்டில் பேப்பருக்கு அடிதடி. கூட்டத்தில் சட்டைப் பொத்தான் தெறிக்கப் பேப்பரை வாங்கி, எண்களின் மேல் விரலை ஓட்டி, அவள் எண்ணில் நிறுத்திய சங்கையா அதை மூன்று தடவை வாசித்தான். வீட்டுக்கு ஓடிவந்து காட்டினான். இருளம்மாள் தெருவுக்கெல்லாம் சீனி கொடுத்தாள். மார்க் ஷீட் வந்தபோது பார்த்தால் மயிரிழையில் தப்பியிருந்தாள்.

"விடைக்குத்தான் மார்க்கு போயிருக்கும். சூத்திரத்துக்குப் போட்டுருக்கான், படிக்குப் போட்டுருக்கான். இல்லேன்னா இது வராது" என்றான் சங்கையா.

"படி படியா எழுதுன்னு நீங்கதான சொன்னீக" என்றாள் அவள். இரண்டு மாதத்தில் அவள் அவனிடம் சொன்ன நீளமான வாக்கியம் அதுதான்.

ஆனிக் கடைசியில் கிளம்பினாள். மலைப்பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது, இரண்டு தூறல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. இருளம்மாள் எள்ளுருண்டை பிடித்துக் கொடுத்து, "பிள்ளைகளை அடிக்காம சொல்லிக்குடுக்கிற டீச்சரா இருட்டி" என்று சொல்லி வாசலோடு நின்றுகொண்டாள். அழுவதை யாரும் பார்க்கக்கூடாது அவளுக்கு.

பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் இன்னும் நிரம்பவில்லை. டிரங்குப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு சங்கையா இறங்கி வந்தான். இரண்டு பேரும் பஸ்ஸை ஒட்டி நின்றார்கள். டீக்கடைக்காரன் கிளாஸ் கழுவுகிற தண்ணீர் காலடியில் ஓடியது.

"எண்ணெய் தேச்சுக் குளி. ஹாஸ்டல் தண்ணி ஒத்துக்கிடாது" என்றான்.

"ம்."

"தீவாளிக்கு லீவு விடுவாகள்ல?"

"விடுவாக."

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். சங்கையா அவள் பக்கமாக ஒரு எட்டு நகர்ந்தான். இனி மறைத்து எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று தோன்றிவிட்டது.

"ஏ புள்ள, ஒண்ணு சொல்லணும். அன்னைக்குச் சத்தியம் பண்ணுனேன்ல, அது நெசந்தான், வேணும்னு தப்பாச் சொல்லித் தரலை. ஆனா கணக்கு தப்புன்னு நீ சொன்ன ஒடனே எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. நீ போகமாட்டல்லான்னு. நீ அழுதுட்டு இருக்க, எனக்குச் சந்தோசம். அப்பேர்ப்பட்ட ஆளு நான். தெரிஞ்சிக்கோ."

திட்டுவாள் என்று நினைத்தான். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தான். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"எப்படிச் சொல்லுவேன்? கேவலமா இருந்துச்சு."

"வேணும்னேதான் தப்பாச் சொல்லித் தந்தேன்னு சொல்லிர மாட்டீகளான்னுதான் அன்னைக்கு உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருந்தேன் மச்சான். இல்லன்னு சத்தியம் பண்ணிட்டீக. சரி, நான் போனா என்ன இருந்தா என்ன, இவியளுக்கு ஒண்ணுமில்ல போலன்னு நினைச்சேன். எழுதுன்னீக, எழுதுனேன். போன்னீக, போறேன். இந்த எட்டு வருசத்துல ஒரு தடவையாச்சும் என்னைப் போகாதன்னு சொல்லிருக்கீகளா?"

"சொன்னா நீ நின்னுருவயேன்னு பயந்துதான் சொல்லலை."

"இப்ப நிக்க மாட்டேன். பெட்டி ஏறிட்டு. நீங்க என்ன சொன்னாலும் போகத்தான் போறேன்." கண்டக்டர் விசில் ஊதினார். அவள் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினாள். "ஆனாலும் சொல்லுங்க."

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். ஊரே பார்ப்பது போலிருந்தது. ஒருவரும் பார்க்கவில்லை.

"போகாதட்டி" என்றான்.

"கேக்கலை."

"போகாத புள்ள. வெள்ளத்தாயி, போகாத."

அவள் முகம் முழுக்கச் சிரிப்பும் கண் முழுக்கத் தண்ணீருமாகத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே ஏறிக்கொண்டாள். பஸ் கிளம்பியது.